மணி ஐயர் திருப்பிக் கொடுத்த ‘சர்’ பட்டத்தை நாம் மறுபடி ஒட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்தில் 38 வருஷமாக அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, நிக்காஹ் அழைப்பு, புதுநன்மை அட்டை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், விசைப்படகுச் சங்கத்து ரசீதுப் புத்தகம், ஐஸ் கம்பெனி பில் என்று எல்லாம் எங்கள் கடைக்கு வரும். மனுஷர் பெயர்களோடுதான் என் பிழைப்பு. பெயருக்கு முன்னால் என்ன போடுவது, பின்னால் என்ன போடுவது என்று தினமும் யாராவது ஒருவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவன் நான். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

போன ஞாயிறு இணைப்பில், இந்தியாவுக்குச் சுயாட்சி கேட்ட ஹோம் ரூல் இயக்கத்தைப் பற்றி நல்ல கட்டுரை ஒன்று வந்திருந்தது. அன்னி பெசன்ட் அம்மையாரைப் பற்றி எழுதுகிறவர்கள், மணி ஐயர் என்று எல்லோரும் அழைத்த எஸ். சுப்பிரமணிய ஐயரை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். உங்கள் கட்டுரையாளர் அரைப் பக்கம் கொடுத்திருக்கிறார். அதற்கு என் நன்றி. ஆனால் அந்த அரைப் பக்கத்தில் ஏழு இடங்களில் ‘சர். எஸ். சுப்பிரமணிய ஐயர்’ என்று அச்சாகியிருக்கிறது. பென்சிலை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். அவர் பட்டத்தைத் துறந்த சம்பவத்தைச் சொல்லி முடித்த பிறகும் மூன்று இடங்களில் அந்த ‘சர்.’ நிற்கிறது. அதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில், பிரிட்டிஷ் கௌரவம் பெற்ற இந்தியத் தொழிலதிபர்கள் என்று ஒரு பெட்டிச் செய்தி. அதில் ரத்தன் டாடா பெயருக்கு முன்னாலும் சுனில் பாரதி மிட்டல் பெயருக்கு முன்னாலும் ‘சர்’ போட்டிருக்கிறார்கள். இரண்டாவது தப்பை விவரம் தெரியாமல் நேர்ந்தது என்று விட்டுவிடலாம். முதல் தப்பு என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

மணி ஐயர் எங்கள் பக்கத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. 1842ல் மதுரைச் சீமையில் பிறந்தவர். அவருடைய அப்பா ராமநாதபுரம் ஜமீனுக்கு வக்கீலாகக் காரியம் பார்த்தவர். மகனும் வக்கீலுக்குப் படித்து, மதுரையில் தொழில் பார்த்து, அப்புறம் சென்னைக்குப் போய், 1895ல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். தலைமை நீதிபதி பொறுப்பிலும் இருந்து பார்த்தவர். 1885ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டுக்கும் போயிருந்தவர். 1900ல் அவருக்கு ‘கே.சி.ஐ.இ.’ கொடுத்தார்கள். இந்தியப் பேரரசு விருது என்று 1878ல் ஏற்படுத்திய வரிசையில் நைட் கமாண்டர் என்கிற படி அது. அந்தப் படி கிடைத்தால் பெயருக்கு முன்னால் ‘சர்’ வந்துவிடும். ‘திவான் பகதூர்’ பட்டமும் அவருக்கு இருந்தது.

1917 ஜூனில் அரசாங்கம் அன்னி பெசன்ட்டைப் பிடித்து ஊட்டியில் காவலில் வைத்தது. ஹோம் ரூல் லீக்கின் கௌரவத் தலைவராக இருந்த மணி ஐயர் அந்த மாதமே அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். உலகத்துக்கெல்லாம் சுதந்திரம் என்று பேசுகிறீர்களே, எங்கள் நாட்டின் நிலைமையைப் பாருங்கள் என்பதுதான் சாரம். தபாலில் போட்டால் தணிக்கைக்காரர் கையில் சிக்கும் என்று, சென்னைக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கத் தம்பதியிடம் கொடுத்தனுப்பினார்கள். அப்போது அவருக்கு 75 நடந்துகொண்டிருந்தது. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, திண்ணையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்க வேண்டிய வயது.

கடிதம் அமெரிக்காவில் அச்சாகிப் பரவியது. 1918ல், பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்குப் பொறுப்பான மந்திரி மாண்டேகு லண்டன் பார்லிமெண்டில் அதைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். சேதி இங்கே வந்ததும் மணி ஐயர் ‘சர்’ பட்டத்தையும் ‘திவான் பகதூர்’ பட்டத்தையும் வேண்டாம் என்று துறந்துவிட்டார். தாகூர் ‘சர்’ பட்டத்தை உதறியது 1919 மே மாதக் கடைசியில், ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு. அந்தக் கதை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே நம் ஊர்க் கிழவர் ஒருவர் அதைச் செய்திருக்கிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்த கொஞ்சப் பேரும் அவர் பெயரை எழுதும்போது, அவர் கழற்றி வைத்ததையே எடுத்து மறுபடி மாட்டிவிடுகிறோம். 1924ல் காலமாகும்வரை ‘சர்’ இல்லாமல் வாழ்ந்த மனுஷர். கிட்டத்தட்ட நூறு வருஷமாக நாம் அவரைக் கேட்காமல் அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

உங்கள் கட்டுரையாளர் ஒரு நியாயம் சொல்லலாம். 1900லிருந்து 1918 வரை அவர் ‘சர்’தானே, அந்தக் காலத்து ஆவணங்களில் அப்படித்தானே இருக்கிறது என்று. சரி. 1905ல் நடந்ததைச் சொல்லும்போது ‘அப்போது சர் பட்டம் பெற்றிருந்த சுப்பிரமணிய ஐயர்’ என்று எழுதினால் போயிற்று. பெயரோடு சேர்த்து ஒட்டிவிட்டால், அவர் கடைசிவரை அதை வைத்திருந்தார் என்றுதான் வாசிக்கிறவர் எடுத்துக்கொள்வார்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்றால், காரணம் என் அப்பா. 14 வயதில் தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு போனவர். அங்கே ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கக் கற்றுக்கொண்டார். சிலோன் சுதந்திரம் வாங்கின பிறகும் கொஞ்ச காலம், 1956 வரைக்கும், அங்கே ‘சர்’ பட்டம் வந்துகொண்டிருந்தது. அதனால் அந்த எழுத்தை அப்பா நிறையக் கோர்த்திருக்கிறார். மன்னாரில் திருக்கேதீஸ்வரம் கோயில் திருப்பணி நடந்த காலத்து நோட்டீஸ் ஒன்று எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தது. திருப்பணிச் சபைத் தலைவர் சர் கந்தையா வைத்தியநாதன் பெயர் அதில் 24 பாயிண்டில் நிற்கும். அந்தக் காலத்து வழக்கப்படி ‘ஸர்’ என்று கிரந்த ஸகரம் போட்டுத்தான் அப்பா கோர்த்திருப்பார். அதை எனக்குக் காட்டி, “இங்க பாரு, ஸர்ருக்குப் பக்கத்துல புள்ளி இருக்கா?” என்று கேட்டார். இல்லை. ‘சர்’ என்பது எதனுடைய சுருக்கமும் இல்லை, முழு வார்த்தை. ‘எஸ்.’ என்பதற்குப் புள்ளி வேண்டும், ‘சர்’ என்பதற்கு வேண்டாம். கொழும்பில் புரூஃப் திருத்துகிறவர் ஒரு நாள் முழுக்க நிற்க வைத்து இதைச் சொல்லிக் கொடுத்தாராம். எழுத்துப் பெட்டியில் புள்ளி இருக்கிற அறைக்குக் கை தானாகப் போகும், அந்தக் கையைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொள்ளவே ஆறு மாதம் ஆனது என்று அப்பா சொல்வார். உங்கள் பத்திரிகையில் இன்றைக்கும் ‘சர்.’ என்று புள்ளியோடுதான் வருகிறது. சின்ன விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

தனுஷ்கோடி புயலுக்கு மறுவருஷம் அப்பா இங்கே கடை போட்டார். காலால் மிதிக்கிற டிரெடில் ஒன்று, நாலு கேஸ் ஈய எழுத்து, அவ்வளவுதான் முதல். அப்பா இருந்தவரை எங்கள் கடையில் யாருக்கும் இல்லாத பட்டம் அச்சானதில்லை. ‘டாக்டர்’ போடச் சொன்னால், எந்தக் காலேஜில் வாங்கினது என்று கேட்பார். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அப்பா போன பிறகு நான் கொஞ்சம் தளர்ந்துவிட்டேன். ஃபிளக்ஸ் வந்த பிறகு யார் என்ன எழுதிக் கொண்டுவந்தாலும் அப்படியே அடித்துக் கொடுக்கிற பழக்கம் வந்துவிட்டது.

அதற்கு ஒரு நாள் பதில் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கீழக்கரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பேத்தியின் நிக்காஹ் அழைப்பிதழ் அடிக்க வந்தார். மணப்பெண்ணின் மாமா லண்டனில் இருக்கிறவர். கொரோனா காலத்தில் அவர் செய்த தொண்டுக்காக அந்த நாட்டு அரசாங்கம் கௌரவித்திருக்கிறது. பெரியவருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. “தம்பி, ராணி கொடுத்த பட்டம். சர்னு பெரிய எழுத்துல, கோல்டு ஃபாயில்ல போடு” என்றார். நானும் போட்டேன். 600 அட்டை. நல்ல ஐவரி போர்டு, உறையோடு. பார்க்க அத்தனை அழகாக இருந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி லண்டனிலிருந்து போன். அந்த மாமாதான். வாட்ஸப்பில் அட்டையைப் பார்த்திருக்கிறார். குரலில் கோபமே இல்லை, பதற்றம்தான் இருந்தது. “அண்ணே, அந்த சர்ரை எடுத்துருங்கண்ணே. எனக்குக் கெடச்சது எம்.பி.ஈ. அதுக்குப் பேருக்குப் பின்னாடி மூணு எழுத்து போட்டுக்கிடலாம், முன்னாடி ஒண்ணும் கெடையாது. இங்கேருந்து என்கூட வேலை பாக்குறவங்க நாலு பேரு கல்யாணத்துக்கு வாராங்க. பாத்தா நானே பொய் சொல்லி அடிச்சுக்கிட்டேன்னு நெனப்பாங்க. பெரியவாப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றார். அப்புறம் அவரே பொறுமையாக விளக்கினார். பிரிட்டிஷ் பேரரசு விருது என்பது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1917ல் ஆரம்பித்தது. அதில் ஐந்து படி. மேலே இருக்கிற இரண்டு படிக்குத்தான் ஆண்களுக்கு ‘சர்’, பெண்களுக்கு ‘டேம்’. அதற்குக் கீழே சி.பி.ஈ., ஓ.பி.ஈ., எம்.பி.ஈ. மூன்றுக்கும் பெயருக்கு முன்னால் எதுவும் கிடையாது. அந்த விருது வரிசையில் சேராமல் ‘நைட் பேச்சலர்’ என்று பழைய காலத்து முறை ஒன்று தனியாக இருக்கிறது. அதிலும் ‘சர்’ உண்டு. தாகூருக்கு 1915லும் சி.வி. ராமனுக்கு 1929லும் கிடைத்தது அந்த வகைதான்.

600 அட்டையும் வீணாகப் போனது. மறுபடி அடித்தேன். பெரியவர் முழுப் பணமும் தருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். விசாரிக்காமல் அடித்தது நான், அதனால் காகிதக் கிரயத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். புது அட்டையில் அந்த மாமாவின் பெயர் வெறும் பெயராக, கீழே சின்ன எழுத்தில் ஊர் பெயரோடு நின்றது. பெரியவர் அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு. கடைசியில், “அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். சின்ன வயசுலேயே அடுத்தவன் பொருளைத் தொடமாட்டான்” என்றார்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து நான் தேட ஆரம்பித்தேன். எங்கே சரிபார்ப்பது என்பதையும் அந்த லண்டன்காரரே சொல்லிக் கொடுத்திருந்தார். புத்தாண்டுக்கு ஒரு தடவை, ஜூன் மாதம் மன்னர் பிறந்தநாளைக் கொண்டாடும்போது ஒரு தடவை என்று வருஷத்துக்கு இரண்டு பட்டியல் வருகிறது. லண்டன் கெஸட் என்கிற அரசிதழில் அதை வெளியிடுகிறார்கள். நம் கெஸட் மாதிரிதான். யாருக்கு எந்தப் படி, எதற்காக என்று ஒவ்வொரு பெயருக்கும் எழுதியிருக்கும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் பத்திரிகை அலுவலகத்தில் ஒரு தம்பிக்கு ஐந்து நிமிஷ வேலை.

பட்டம் கொடுக்கிற சடங்கைப் பற்றியும் படித்தேன். அரண்மனையில் வெல்வெட் மெத்தை வைத்த சின்ன முக்காலி ஒன்று இருக்கும். பட்டம் வாங்குகிறவர் அதில் வலது முழங்காலை ஊன்றி நிற்க வேண்டும். மன்னர் வாளின் தட்டைப் பக்கத்தால் முதலில் வலது தோளையும் அப்புறம் இடது தோளையும் தொடுவார். அந்த வாள் இப்போதைய மன்னரின் தாத்தா ஆறாம் ஜார்ஜ் இளவரசராக இருந்த காலத்தில் வைத்திருந்தது. சினிமாவில் வருகிற மாதிரி ‘எழுந்திரு, சர் இன்னார்’ என்றெல்லாம் சொல்வதில்லையாம். ‘நைட்’ என்றால் ஆதியில் குதிரைப்படை வீரன். எங்கள் சீமையில் ‘சேதுபதி’ என்று ஒரு பட்டம் உண்டு. சேதுவைக் காப்பவர் என்று பொருள். அதில் செய்ய வேண்டிய வேலையே பெயராக இருக்கிறது. அந்த வாளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பட்டம் என்பது முன்னொரு காலத்தில் ஒரு பொறுப்பாக இருந்திருக்கிறது.

இனி டாடா, மிட்டல் விஷயம். பிரிட்டிஷ் மன்னரைத் தங்கள் மன்னராக ஏற்காத நாட்டுக் குடிமக்களுக்கு அவர்கள் கொடுப்பது கௌரவ விருது. 2014ல் ரத்தன் டாடாவுக்குக் கொடுத்த ஜி.பி.ஈ.யும் 2024ல் சுனில் பாரதி மிட்டலுக்குக் கொடுத்த கே.பி.ஈ.யும் பிரிட்டிஷ் பேரரசு விருதின் மேல் இரண்டு படிகள்தான், ஆனாலும் இந்தக் கௌரவ வகை. கௌரவ விருது பெறுகிறவர் தோளில் வாள் படாது. பெயருக்கு முன்னால் ‘சர்’ வராது. இது கொடுக்கிறவர்களே வைத்திருக்கிற சட்டம். அவர்கள் கொடுக்காததை நாம் எதற்குக் கொடுக்க வேண்டும்? நம் பக்கத்திலும் அரசியல் சாசனத்தின் 18வது பிரிவு இருக்கிறது. அது அடிப்படை உரிமைகளில் ஒன்று. படைத்துறை, கல்வித் தகுதிகள் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது, இந்தியக் குடிமகன் எவரும் எந்த அயல்நாட்டுப் பட்டத்தையும் ஏற்கக் கூடாது என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ராவ் பகதூர், கான் பகதூர், திவான் பகதூர் என்று மனுஷரைத் தரம் பிரித்துப் பார்த்த காலம் முடிய வேண்டும் என்று நினைத்தவர்கள் எழுதினது. கிரிக்கெட் பார்க்கிற பையன்கள் ‘சர் ஜடேஜா’ என்று விளையாட்டாகச் சொல்லட்டும். பத்திரிகை அச்சிட்டால் அது ஆவணம் ஆகிவிடுகிறது.

இதைப் படித்தபோது என் சொந்தத் தப்பு இன்னொன்றும் தெரிய வந்தது. அப்துல் கலாம் ஐயாவின் நினைவிடம் இருக்கிற பேய்க்கரும்பு எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம்தான். அக்டோபர் 15 பிறந்தநாள், ஜூலை 27 நினைவுநாள் என்றால் நோட்டீஸ் அடிக்கக் கூட்டம் வரும். நானும் வருஷக்கணக்காக ‘பாரத ரத்னா டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்’ என்று ஒரே வரியில் அடித்திருக்கிறேன். 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் 18வது பிரிவு தடுக்கிற பட்டங்கள் அல்ல, விருதுகள்தான். அதனால் அவற்றைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டக் கூடாது. ஐயா மேல் எங்களுக்கு இருக்கிற பாசம் அந்த வரியில் இருந்தது என்பது உண்மை. ஆனால் சட்டம் சட்டம்தான். இப்போது பெயரை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டு, தனி வரியில் ‘1997ல் பாரத ரத்னா விருது பெற்றவர்’ என்று அடிக்கிறேன். முதல் தடவை நோட்டீஸ் வாங்க வந்த பையன்களுக்கு இதை விளக்க அரை மணி நேரம் ஆனது. பெயர் தனியாக நிற்கும்போது இன்னும் பெரிதாகத் தெரிகிறது என்று அவர்களில் ஒருவன் சொன்னான்.

எல்லோருடைய ‘சர்’ரையும் பிடுங்கச் சொல்லவில்லை. பாம்பன் கால்வாயை ஆய்வு செய்ய இளம் பொறியாளராக எங்கள் ஊருக்கு வந்த ஆர்தர் காட்டனுக்கு 1861ல் அது கிடைத்தது. அவர் அந்த நாட்டுக்காரர், அவருக்கு உரியது, இருக்கட்டும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இப்போது பிரிட்டன் குடிமகன். வேதியியலில் நோபல் பரிசு வாங்கினவர். 2012ல் கிடைத்த ‘சர்’ அவருடையதுதான். அவர் பெயரோடு போடுவதில் தப்பே இல்லை. யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்குப் பொன்னம்பலம் இராமநாதன் என்றால் ‘சர்’ சேர்த்துத்தான் வாயில் வரும். 1874லேயே அந்தப் பட்டம் பெற்ற முத்துக்குமாரசுவாமியும் அப்படித்தான். சென்னையில் சர் தியாகராயா கல்லூரி, சர் சிவசாமி கலாலயா என்று நிறுவனங்களின் பெயரிலேயே அது சேர்ந்துவிட்டது. நிறுவனத்தின் பெயரை நாம் மாற்ற முடியாது.

போடுகிற இடத்தில் சரியாகப் போட வேண்டும் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். அந்த ஊர் முறைப்படி ‘சர்’ சொந்தப் பெயரோடுதான் போகும், குடும்பப் பெயரோடு போகாது. ‘சர் ஐசக் நியூட்டன்’ அல்லது ‘சர் ஐசக்’. ‘சர் நியூட்டன்’ என்று வராது. பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி நோட்டீஸில் வருஷா வருஷம் ‘சர் நியூட்டன்’ என்றே எழுதிக் கொண்டுவருவார்கள், நான் திருத்திக் கொடுப்பேன். நம் பெயர்களில் முன்னால் இருப்பது அப்பா பெயரின் எழுத்து, கடைசியில் நிற்பது சொந்தப் பெயர். அதனால் ‘சர் ராமன்’ என்றால் நமக்குச் சரியாகவே வருகிறது.

ஆனால் மணி ஐயரையும் தாகூரையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. அரசாங்கத்துப் பதிவேட்டில் எது இருந்தாலும் இருக்கட்டும், அவர்கள் வேண்டாம் என்று வாயால் சொல்லி, கையால் எழுதியும் கொடுத்துவிட்டார்கள். பட்டம் வாங்குவதற்கு அந்தக் காலத்தில் என்னென்னவோ நடந்திருக்கிறது. லாயிட் ஜார்ஜ் பிரதமராக இருந்தபோது லண்டனில் ‘சர்’ பட்டத்துக்கு 10,000 பவுன் விலை வைத்து விற்று, அது வெளியே வந்து நாறி, 1925ல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். பணம் கொடுத்து வாங்க வரிசையில் நின்ற அதே காலத்தில், தானாக வந்ததைத் திருப்பிக் கொடுத்தவர் மணி ஐயர். எங்கள் கடையில் பட்டம் கேட்டு வாதாடினவர்கள் எத்தனையோ பேர். என் பெயரில் இருக்கிறதை எடுத்துவிடுங்கள் என்று இத்தனை வருஷத்தில் கேட்டவர் அந்த லண்டன்காரர் ஒருவர்தான். அது எவ்வளவு சிரமமான காரியம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

வருகிற ஞாயிறு இணைப்பில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். நாலு வரி போதும். மணி ஐயர் 1918ல் பட்டத்தைத் துறந்தார், அவர் பெயருக்கு முன்னால் ‘சர்’ வந்தது தவறு என்று சொல்லுங்கள். டாடா, மிட்டல் பெற்றது கௌரவ விருது, அதற்கு ‘சர்’ கிடையாது என்று அதன் கீழேயே சேர்த்துவிடுங்கள். கட்டுரையைப் பள்ளிப் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டுவார்கள். என் பேரன் ஏற்கெனவே ஒட்டிவிட்டான். அவன் பள்ளிக்கூடத்தில் தேசத் தலைவர்கள் ஆல்பம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தோடு உங்கள் கட்டுரையின் இன்னொரு பிரதியை வைத்திருக்கிறேன். ஏழு இடங்களிலும் அந்த வார்த்தையின் குறுக்கே பென்சிலால் கோடு இழுத்து, ஓரத்தில் அப்பா சொல்லிக் கொடுத்த மாதிரியே நீக்கற்குறி போட்டிருக்கிறேன். மற்றபடி கட்டுரையில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்,
தங்கச்சிமடம்,
ராமநாதபுரம் மாவட்டம்.